ஓர்மைக்கு ஒரு ஞாயிறு

சனிக்கிழமை இரவே வானிலை பார்த்துவிட்டேன்.
இரண்டு செயலி, இரண்டு விதமாய்ச் சொன்னது.
வெயில் சொன்னதை நம்பினேன்.

ஒரே நிறத்தில் நாலு பேருக்கும் உடுப்பு.
மார்த்தாண்டத்தில் மூன்று கடை ஏறியும்
டெனோவின் அளவு மட்டும் இல்லை,
அவனுக்கு ஒரு சாயல் கூடின மஞ்சள்.
படத்தில் தெரியாது என்றார் விஜின்.
எனக்குத் தெரியும்.

காலை ஆராதனையை விட்டுக் கிளம்பினோம்.
கர்த்தரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.
ஒரு தாய்க்குப் பதினெட்டு கோடைதான் கிடைக்கும் என்று
யாரோ கணக்குப் போட்டு
கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள்.
அஜிஷாவுக்கு ஒன்பது போயாச்சு.
தேன் சங்கத்தில் குப்பிக்கு மூடி திருகிக்கொண்டே
மீதியை எண்ணுவேன்,
ஞாயிறுகளாக,
விஜின் லாரி ஏறாத ஞாயிறுகளாக,
அதிலும் யாருக்கும் சளி பிடிக்காத ஞாயிறுகளாக.
எப்படி எண்ணினாலும் ஒரு கை விரல் மிச்சம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பாதி தூரம் நடந்து
திரும்பி நின்று சிரிக்கச் சொன்னேன்.
ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு ஓடுது, பாருங்க மக்களே.
டெனோ தன் செருப்பு வாரைப் பார்த்தான்.
இன்னொரு முறை.
கண்ணைத் திறந்து இன்னொரு முறை.
காற்று அஜிஷாவின் முடியைக் கலைத்ததால் இன்னொரு முறை.

திற்பரப்பில் கயிறு கட்டியிருந்தது.
வெயில் நன்றாகவே அடித்தது, செயலி பொய் சொல்லவில்லை.
"நாங்க என்ன செய்ய அக்கா,
பேச்சிப்பாறை தொறந்தாச்சு. குளிக்க விடமுடியாது."
அந்தக் காவலரே அருவியை எனக்கு
எழுதிக் கொடுத்திருந்த மாதிரி சண்டைக்கு நின்றேன்.
பையில் மாற்றுத்துணி, எண்ணெய், நாலு துவர்த்து,
எல்லாம் காய்ந்தபடியே இருந்தன.
"வெப்ராளப்படாத" என்றார் விஜின்,
கையில் பழம்பொரிப் பொட்டலம் எண்ணெய் கசிய.
அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான்
வெப்ராளம் முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் காவலரே எடுத்துத் தந்தார் படம்.
கயிற்றுக்கு முன்னால் நாங்கள்,
பின்னால் புகையாய் அருவி.
ஒன்று நன்றாக விழுந்தது.
அப்போது அஜிஷா,
கன்னம் இன்னும் சிரிப்பிலேயே நிற்க,
உதடு அசையாமல் கேட்டாள்:
"அம்மா, இனி சாதாரணமா இருக்கட்டா?"

குழித்துறை வரும்வரை யாரும் பேசவில்லை.
டெனோ மட்டும்
எதிரே வந்த ரப்பர் ஷீட் லாரிகளுக்குக் கைகாட்டினான்,
எல்லாம் அப்பாவுடையது என்ற நினைப்பில்.

ராத்திரி அவள் பை அடுக்கும்போது நோட்டு விரிந்தது.
திங்கட்கிழமைக்கான கட்டுரை: மறக்க முடியாத நாள்.
தேதி பார்த்தேன், வெள்ளிக்கிழமையே எழுதி முடித்திருக்கிறாள்.

"அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல்.
வேலைக்குப் போகவில்லை. மழை பெய்தது. கரண்ட் இல்லை.
நானும் தம்பியும் அம்மாவின் இரண்டு பக்கமும் படுத்தோம்.
அம்மா சுடாக இருந்தார்கள்.
கஞ்சியும் பயறும் குடித்தோம்.
வேறு ஒன்றும் நடக்கவில்லை."

அப்படி ஒரு நாள் எனக்கு ஓர்மையில் இல்லை.
கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பின்னால் போனேன்,
ஜூலை, ஜூன்.
ஒரு படமும் இல்லை.
எந்தப் பாயில் படுத்தோம், யார் கஞ்சி வைத்தது?
டீச்சர் வாசித்தால் என்ன நினைப்பார்,
எங்கேயும் கூட்டிப்போகாதவள் என்றா?
அழிரப்பரைக் கையில் எடுத்தேன்.
ஒரு பக்கம்தான்,
அருவியும் பாலமும் வைத்து எழுதிவிடலாம்,
அவள் கையெழுத்து எனக்கு வரும்.

'சுடாக' என்பதை அழித்து
'சூடாக' என்று திருத்தினேன்.
நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, முட்டம்,
மாலை நாலே முக்கால், வெளிச்சம் சரியாக விழும் நேரம்
என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.
அதை இன்னும் அழிக்கவில்லை.